பேசும் படமும் பேசாத இடமும்

(இளங்கலைத் தமிழ் இலக்கியம், மூன்றாம் ஆண்டு மாணவி, அதியமான்கோட்டை)

முன்னுரை

"படம் எப்படி?" என்று ஒருவர் கேட்பதும், "நன்றாக இருக்கிறது" என்றோ "சுமார்தான்" என்றோ மற்றவர் விடை கூறுவதும் நாள்தோறும் நாம் காணும் காட்சி. கல்லூரி வாசலில் பேருந்துக்குக் காத்து நிற்கும்போது நம்முடைய திரைப்பட ஆராய்ச்சி பெரும்பாலும் இந்த இரண்டு சொற்களோடு முடிந்துவிடுகிறது. குறுந்தொகைப் பாடல் ஒன்றைப் பற்றி வகுப்பில் இவ்வாறு விடை கூறினால் நம் பேராசிரியர்கள் நம்மை உட்கார விடுவார்களா? "ஏன் நன்றாக இருக்கிறது?" என்று அடுத்த வினா உடனே வரும். அந்த அடுத்த வினாவை, நான் அண்மையில் கண்ட சில திரைப்படங்களிடம் கேட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடந்த விடுமுறையில் எங்கள் வீட்டில் இருந்தபடியே பழையனவும் புதியனவுமாக ஏழு படங்கள் பார்த்தேன். சில தொலைக்காட்சியில், சில கைப்பேசியில். உடனிருந்து பார்த்தவர் என் ஆயா, அதாவது என் தாயைப் பெற்றவர். எழுதப் படிக்க அறியாதவர். ஆயினும் டென்ட் கொட்டகையில் மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்கார்ந்து படம் பார்த்த காலத்திலிருந்து திரைப்படத்தோடு உறவு கொண்டவர். படம் ஓடும்போது அவர் வாய் ஓயாது என்பதுதான் அவரைப் பற்றி ஈண்டுச் சொல்லவேண்டிய செய்தி. கெட்டவனைத் திட்டுவார்; நல்லவளுக்குப் புத்தி சொல்வார்; அடுத்து வரப்போவதை முன்கூட்டியே அறிவிப்பார். நான் ஒரு குறிப்பேட்டை மடியில் வைத்துக்கொண்டு எழுதுவேன். அவர் மடியில் முறமும் புளியும் இருக்கும்.

படத்திற்கு உரை சொல்லும் மரபு

ஆயாவின் இவ்வழக்கம் புதியதன்று. எங்கள் ஊர்ச் சென்றாயப் பெருமாள் கோயில் மண்டபத்தின் மேற்கூரையில் பழங்கால வண்ண ஓவியங்கள் உள்ளன. சாயம் மங்கியும் சுண்ணம் உதிர்ந்தும் இருக்கும் அந்த ஓவியங்களில் இதிகாசக் காட்சிகள் அடுத்தடுத்து வரும். சிறுவயதில் என்னை இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டு, "இதோ பார், இவர் யார் தெரியுமா?" என்று அண்ணாந்து காட்டி ஆயா கதை சொல்வார். ஓவியம் வாய் திறக்காது. பார்ப்பவர்தாம் அதற்கு வாய் கொடுக்கவேண்டும்.

திரைப்படமும் தொடக்கத்தில் அப்படித்தான் இருந்தது. நடராஜ முதலியார் 1910-களின் பிற்பகுதியில் சென்னையில் எடுத்த 'கீசக வதம்' தென்னாட்டின் முதல் மௌனப் படம். மௌனப் படங்கள் ஓடிய கொட்டகைகளில் திரைக்கு அருகே ஒருவர் நின்று கதையை விளக்கிச் சொல்வது உண்டு. 1931 அக்டோபர் 31 அன்று வெளியான 'காளிதாஸ்' படத்தில்தான் தமிழ் முதன்முதலாக வெண்திரையில் ஒலித்தது. எச். எம். ரெட்டி இயக்கிய அப்படத்தில் கதாநாயகி டி. பி. ராஜலட்சுமி தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கில் பேசினார். மக்கள் அதையும் திரண்டு வந்து பார்த்தனர். பேச்சின்மீது நமக்கு அவ்வளவு ஆசை! "பேசும் படம்" என்ற பெயரே அந்த ஆசையில் பிறந்ததுதான்.

ஆகவே, ஒரு தமிழ்ப் படத்தை ஆராயும்போது, அது எவ்வாறு பேசுகிறது, எங்கே பேசாமல் நிற்கிறது என்ற இரண்டையும் பார்ப்பது பொருத்தமாகும் என்று கருதினேன். ஏழு படங்களையும் இவ்வளவுகோல் கொண்டே பார்த்தேன்.

அவ்வையின் முகம்

அதியமான் பெயரால் அமைந்த ஊரில் பிறந்தவள் முதலில் 'அவ்வையார்' பார்ப்பதே முறை. 1953-இல் எஸ். எஸ். வாசனின் ஜெமினி நிறுவனத் தயாரிப்பாக வெளிவந்த இப்படத்தைக் கொத்தமங்கலம் சுப்பு இயக்கினார். அவ்வையாக கே. பி. சுந்தராம்பாள் நடித்தார். நடித்தார் என்பதைவிட, அவ்வைக்கு ஒரு முகத்தையும் குரலையும் தந்தார் என்பதே பொருந்தும். அவ்வை என்றதும் இன்றும் எங்கள் வீட்டார் நினைவுக்கு வருவது கோலூன்றிய அந்த உருவமே.

இலக்கிய மாணவி என்ற முறையில் எனக்கொரு குறை உண்டு. அதியமானிடம் நெல்லிக்கனி பெற்ற சங்கப் புலவரும், பிற்காலத்தில் நீதிநூல்கள் இயற்றிய அவ்வையும் வேறு வேறு காலத்தவர் என்று நாம் படிக்கிறோம். படமோ எல்லா அவ்வையரையும் ஒருவராக்கிவிடுகிறது. இதை ஆயாவிடம் சொன்னேன். "எல்லாம் ஒரே கெழவிதான் கண்ணு, உனக்கு என்ன தெரியும்?" என்று முடித்துவிட்டார். யானைக் கூட்டம் கோட்டையை முட்டி உடைக்கும் காட்சியில் அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். வரலாறு தோற்று நம்பிக்கை வென்ற இடம் அது. பாட்டும் உரையும் படம் நெடுக நிறைந்திருப்பதால், பார்ப்பவர் சொல்வதற்கு இதில் மிச்சம் குறைவு. போற்றுவதே நம் வேலை.

சேலத்தில் பிறந்த சொல்வீச்சு

இரண்டாவதாகப் பார்த்தது 'மந்திரிகுமாரி' (1950). இது நம் பக்கத்துப் படம். டி. ஆர். சுந்தரம் சேலத்தில் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்தது. எங்கள் ஊரிலிருந்து பேருந்து ஏறினால் சேலம் ஒன்றரை மணி நேரப் பயணம். சென்னைக்குப் போகாமலேயே இங்கே ஒரு திரையுலகம் இயங்கியது என்பதும், 1956-இல் தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' இங்கிருந்தே வந்தது என்பதும் நம்மில் பலர் மறந்த செய்திகள்.

குண்டலகேசிக் காப்பியத்துக் கதையைத் தழுவிக் கலைஞர் மு. கருணாநிதி இப்படத்தின் உரையாடலை எழுதினார். அடுக்குமொழியும் எதிர்மொழியுமாக வசனம் வாள்போல் சுழல்கிறது. இதில் ஒரு வியப்பு என்னவெனில், சொல்லையே உயிராகக் கொண்ட இப்படத்தைச் சுந்தரத்தோடு சேர்ந்து இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்னும் அமெரிக்கர். அவருக்குத் தமிழ் தெரியாது!

தன்னைக் கொல்ல மலையுச்சிக்கு அழைத்துச் சென்ற கணவனை, வலம் வருவதாகச் சொல்லிப் பின்னிருந்து தள்ளிவிடுகிறாள் மந்திரியின் மகள். அந்த இடம் நெருங்கும்போதே ஆயா முறத்தைத் தரையில் வைத்துவிட்டு, "தள்ளுடி அவன! என்ன பார்த்துக்கிட்டு நிக்கற?" என்று உரக்கக் கூவினார். கீழே விழுந்தவன் சத்தம் அடங்கியதும், "இவளுக்கு இருந்த தைரியம் எல்லாருக்கும் வருமா?" என்றார். அந்தச் சொல்லை நான் அப்போது பெரிதாக எண்ணவில்லை. குறிப்பேட்டில் "உரையாடல் சிறப்பு; பெண் பாத்திரம் வலிமை" என்று மட்டும் எழுதினேன்.

பாட்டில்லாத துணிச்சல்

மூன்றாவது, எஸ். பாலசந்தர் இயக்கி 1954-இல் ஏவி.எம். வெளியிட்ட 'அந்த நாள்'. ஒரு பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. பாட்டுக்காகவே படம் பார்த்த காலத்தில் இது எத்தகைய துணிச்சல் என்று எண்ணிப் பாருங்கள். 1943-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் சென்னை நகரின்மீது சப்பானிய விமானம் குண்டு வீசிய நாளில் நடப்பதாகக் கதை. வானொலிப் பொறியாளர் ஒருவர் சுட்டுக் கொல்லப்படுகிறார். கொன்றது யார் என்பதை ஒவ்வொருவரும் தத்தம் பார்வையில் சொல்கிறார்கள். அகிரா குரோசாவாவின் 'ராஷோமோன்' படத்தின் சாயல் இதற்கு உண்டு என்பர். சிவாஜி கணேசன் தாம் புகழின் ஏணியில் ஏறத் தொடங்கிய காலத்திலேயே நாட்டைக் காட்டிக்கொடுப்பவனாக நடிக்க முன்வந்ததும் பாராட்டுக்குரியது.

இப்படத்தில் மாந்தர் நிறையவே பேசுகிறார்கள். ஆனால் ஒருவர் பேச்சை மற்றவர் பேச்சு மறுக்கிறது. எதை நம்புவது என்ற பொறுப்பு நம் தலையில் விழுகிறது. முதன்முறையாகப் படம் என்னிடம் ஒரு வேலை வாங்கியதாக உணர்ந்தேன். ஆயாவோ, "பாட்டே இல்லாம என்ன படம்?" என்று நடுவிலேயே கோழிகளை அடைக்கப் போய்விட்டார்.

ஆற்றங்கரையில் நின்ற குழந்தைகள்

புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை' கதையைத் தூண்டுகோலாகக் கொண்டு மகேந்திரன் இயக்கிய 'உதிரிப்பூக்கள்' 1979-இல் வந்தது. அசோக்குமாரின் ஒளிப்பதிவும் இளையராஜாவின் இசையும் துணைநின்றன. விஜயன் நடித்த சுந்தரவடிவேலு குரலை உயர்த்தாத கொடியவன். மனைவியை அடித்து நொறுக்கும் வில்லனைக் கண்டு பழகிய கண்ணுக்கு, மெல்லிய சொல்லால் மனைவியின் உயிரை வற்றச்செய்யும் இவன் புதியவன்.

இறுதியில் ஊரே திரண்டு அவனை ஆற்றில் இறங்கச் செய்கிறது. தான் செய்த தீமைகளில் பெரியது உங்களையும் என்னைப்போல் ஆக்கியதே என்னும் கருத்துப்பட அவன் சொல்லிவிட்டு இறங்குகிறான். அதற்குப் பிறகு பேச்சு இல்லை. தாயை முன்பே இழந்த இரு குழந்தைகள், இப்போது தந்தையும் இல்லாமல் கரையில் எஞ்சுகிறார்கள். நியாயம் செய்துவிட்ட ஊர்மக்கள் முகத்தில் வெற்றி இல்லை. வசனம் எழுதத் தெரியாமல் மகேந்திரன் இங்கே நிறுத்தவில்லை. 'தங்கப்பதக்கம்' படத்திற்கு வசனம் எழுதிப் புகழ்பெற்றவர் அவர். பேச்சின் ஆற்றலை அறிந்தவரே அதை எங்கே நிறுத்தவேண்டும் என்பதையும் அறிவார் என்பது என் கருத்து.

உள்ளுறை பேசும் புதிய படங்கள்

"பழைய படம்போல் இப்போது வருமா?" என்று மூத்தவர்கள் கேட்பதுண்டு. "பழைய படத்தை யார் பார்ப்பது?" என்று நம் தோழர்கள் கேட்பதுண்டு. இரண்டு கேள்வியும் தவறு என்பதற்கு இரு படங்களைச் சான்றாகக் காட்டுவேன்.

மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' (2018) திருநெல்வேலிச் சட்டக் கல்லூரியில் சேரும் ஒரு மாணவனின் கதை. நம்மைப்போல் கிராமத்திலிருந்து முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வருபவன். ஆங்கில வகுப்பில் அவன் கூனிக்குறுகும் காட்சி எனக்கு என் முதலாம் ஆண்டை நினைவூட்டியது. சாதியின் பெயரால் அவன் படாத பாடுபட்டும், படத்தின் முடிவில் காட்டப்படுவது இரண்டு தேநீர்க் குவளைகளும் இடையே ஒரு பூவுமே. வேறு சொல் இல்லை.

வினோத்ராஜ் இயக்கிய 'கூழாங்கல்' 2021-இல் நெதர்லாந்து நாட்டு ராட்டர்டாம் விழாவில் புலி விருது பெற்றது. கோபித்துக்கொண்டு தாய்வீடு போன மனைவியை அழைத்துவரக் குடிகாரத் தந்தை மகனுடன் போகிறான். கொதிக்கும் வெயிலில் இருவரும் நடந்தே திரும்புகிறார்கள். ஒன்றேகால் மணி நேரப் படத்தில் கதை இவ்வளவே. தாகம் தெரியாமலிருக்கச் சிறுவன் வாயில் ஒரு கூழாங்கல்லைப் போட்டுக்கொள்கிறான். வீட்டுக்கு வந்ததும் அதைப் பழைய கற்களோடு சேர்த்து வைக்கிறான். இந்த நடை முதல் நடை அன்று என்று அந்தக் கற்கள் நமக்குச் சொல்லிவிடுகின்றன. மதுரைப் பக்கத்து வறண்ட நிலம்தான் படத்தில் வருவது. ஆயினும் ஊற்றில் சொட்டுச் சொட்டாக நீர் அள்ளும் பெண்ணைக் கண்டதும், "நம்ம ஊர்ல எடுத்தாங்களா?" என்று கேட்டார் ஆயா.

அக இலக்கியத்தில் உள்ளுறை என்று ஒன்று படிக்கிறோம். தலைவி வாய்விட்டுச் சொல்ல இயலாததை அங்கே சுனையும் குருகும் யானையும் சொல்லும். குவளையும் கூழாங்கல்லும் அவ்வேலையையே செய்கின்றன. கருவி புதியது, நெறி நமக்குப் பழையது.

ஆயா பேசாத படம்

ஏழாவதாகப் பார்த்தது பாரதிராஜாவின் 'கருத்தம்மா' (1994). பெண் சிசுக்கொலையைப் பொருளாகக் கொண்டது. ஏழை உழவன் ஒருவன், மீண்டும் பெண்ணே பிறந்ததால் அக்குழந்தையைக் கொன்றுவிடச் சொல்கிறான். ஓர் ஆசிரியர் அக்குழந்தையைக் காப்பாற்றி எங்கோ வளர்க்க, அது மருத்துவராகி அவ்வூருக்கே வந்து, நோயில் விழுந்த அந்தத் தந்தைக்கே தொண்டு செய்கிறது. குடும்பநலம் பற்றிய சிறந்த படத்திற்கான தேசிய விருதை இது பெற்றது. பாடகி சுவர்ணலதாவும் பாடலாசிரியர் வைரமுத்துவும் இப்படத்தால் தேசிய விருது பெற்றனர்.

'உதிரிப்பூக்கள்' பார்த்த கண்ணோடு இதைப் பார்த்தேன். தற்செயல் நிகழ்ச்சிகள் மிகுதி, அழுகை மிகுதி, சொல்லவேண்டியதை எல்லாம் மாந்தர் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறார்கள். குறிப்பேட்டில் "மிகை" என்று எழுதி அடிக்கோடும் இட்டேன். எழுதி முடித்து நிமிர்ந்தபோதுதான் வீடு அமைதியாக இருப்பதைக் கவனித்தேன். ஆயா பேசவில்லை. கெட்டவனைத் திட்டவில்லை. முறத்தில் புளி அப்படியே கிடந்தது. படம் முடியும்வரை ஒரு சொல்லும் அவரிடமிருந்து வரவில்லை. முடிந்ததும் முறத்தை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய், விளக்கு இல்லாத இடத்தில் உட்கார்ந்து கொட்டை நீக்கத் தொடங்கினார்.

நானும் போய் அருகில் உட்கார்ந்தேன். சற்று நேரம் கழித்து அவரே சொன்னார்.

"உங்க அம்மாவுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு பொறந்துச்சு கண்ணு. பொட்டப்புள்ள."

நான் காத்திருந்தேன்.

"பேரு வெக்கல."

அவ்வளவுதான். என்ன நடந்தது, யார் செய்தது, அவர் தடுத்தாரா, தடுக்க முடியவில்லையா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. இருவரும் புளி முடியும்வரை உட்கார்ந்திருந்தோம். மலையுச்சிக் காட்சியில் அவர் சொன்ன சொல் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

இம்மாவட்டத்தின் பெயர் பெண் சிசுக்கொலையோடு நெடுங்காலம் சேர்த்தே பேசப்பட்டது என்பதை நாம் அறிவோம். பெண் குழந்தையைக் கொல்வதற்குப் பதில் அரசிடம் ஒப்படைக்கும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் சேலத்தில் தொடங்கி, 2001-இல் தருமபுரி உள்ளிட்ட மாவட்டங்களுக்கும் விரிந்தது. 2001-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, தருமபுரியில் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளில் 1000 ஆணுக்கு 826 பெண்களே இருந்தனர். 2011-இல் அது 913 ஆயிற்று. இவ்வெண்களைப் பள்ளியில் மனப்பாடம் செய்து மதிப்பெண்ணும் பெற்றிருக்கிறேன். ஆனால் இந்தக் கணக்குகளுக்கெல்லாம் கால் நூற்றாண்டு முன்பே, எந்த ஏட்டிலும் பதியாமல், பெயர்கூட இல்லாமல் போன ஒருத்தி எனக்குப் பெரியம்மா முறை என்பதை எந்தப் பாடமும் எனக்குச் சொல்லவில்லை. ஒரு படம் சொல்ல வைத்தது.

முடிவுரை

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். ஒரு படம் ஏன் நன்றாக இருக்கிறது?

படம் எங்கே பேசாமல் நிற்கிறது என்பதே அதன் தரத்தைக் காட்டும் என்று எண்ணியே இக்கட்டுரைக்குக் குறிப்பெடுக்கத் தொடங்கினேன். 'உதிரிப்பூக்க'ளின் ஆற்றங்கரையும் 'கூழாங்க'ல்லின் கற்களும் அக்கருத்தை உறுதிப்படுத்தின. இன்றும் அது சரியென்றே நம்புகிறேன். ஆனால் அது பாதிதான். படம் எங்கே நிறுத்துகிறது என்று பார்ப்பதுபோல, பார்ப்பவர் எங்கே நிறுத்துகிறார் என்றும் பார்க்கவேண்டும். வாய் ஓயாத ஒருவரை வாயடைக்கச் செய்து, ஐம்பது ஆண்டு பூட்டியிருந்த ஒன்றைத் திறக்க வைத்த படத்தை, மிகை என்ற ஒரு சொல்லால் ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. அதற்காக அப்படத்தின் குறைகள் குறைகள் அல்ல என்று கூறவும் மாட்டேன். குறிப்பேட்டில் எழுதிய "மிகை" என்ற சொல்லை நான் அடிக்கவில்லை. அதன் கீழே இன்னொரு வரி சேர்த்தேன்: "ஆயா பேசவில்லை."

மாணவத் தோழர்களே, அடுத்த முறை படம் பார்க்கும்போது வீட்டில் மூத்தவர் ஒருவரை அருகில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். திரையைப் பார்ப்பதோடு அவர் முகத்தையும் ஒருமுறை பாருங்கள். பழைய படமா புதிய படமா என்ற வழக்கு அப்போது உங்களுக்குச் சிறிதாகத் தோன்றும்.

இதை மலருக்கு எழுதலாமா என்று ஆயாவிடம் கேட்டேன். முறத்தைப் புடைத்தபடியே, "எழுது கண்ணு. பேரு மட்டும் போடாத" என்றார்.

யாருடைய பெயரை என்று நான் கேட்கவில்லை.